தழும்புக்கு முன்னால் பரு இருந்தது

(அம்பத்தூரில் நடந்த பொதுமக்கள் கூட்டமொன்றில் தோல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் அறைக்கு வெளியே நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் ஒரு ட்யூப்லைட் இருக்கிறது. அதற்கு நேர் கீழே உள்ள நாற்காலிகள் காலியாக இருந்தாலும் அங்கே உட்காராமல், சுவரோரமாக மங்கலான இடம் தேடி உட்காருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்கள் பருத் தழும்புக்காக வந்தவர்கள். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் கன்னத்தின் ஒவ்வொரு குழியிலும் ஒரு நிழல் விழும். அந்த நிழலோடுதான் அவர்கள் வாழ்கிறார்கள். எந்தக் கடைக் கண்ணாடியில் முகம் நன்றாகத் தெரியும், மின்சார ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் கன்னத்தில் விழாது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

லேசர் சிகிச்சை பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். தழும்பு முழுக்கப் போகுமா? வலிக்குமா? முகம் கறுத்துவிடுமா? எவ்வளவு செலவாகும்? நான்கும் நியாயமான கேள்விகள், நான்குக்கும் பதில் சொல்கிறேன். தாளில் இல்லாத ஐந்தாவது கேள்வி ஒன்று இருக்கிறது. தழும்பு விழுவதற்கு முன்னால், பரு இருந்த காலத்தில், நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? அதைக் கேட்கத்தான் நான் வந்திருக்கிறேன்.

முதலில் தழும்பு என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம். தோலில் முடி முளைக்கும் ஒவ்வொரு துளையோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. வயதுக்கு வரும் காலத்தில் ஹார்மோன்களின் தூண்டுதலால் அது அதிகமாகச் சுரக்கும். உதிர வேண்டிய செல்கள் துளையின் வாயை அடைத்துக்கொள்ளும். உள்ளே தேங்கிய எண்ணெயில் பாக்டீரியா பெருகும், உடல் அதை எதிர்த்துப் போராடும், அந்த இடம் சிவந்து வீங்கும். இதுதான் பரு. இந்தச் சண்டை மேலோட்டமாக முடிந்துவிட்டால் ஒரு கறுப்புப் புள்ளியோடு போய்விடும். ஆழத்தில் நடந்தால் தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் நார்கள் அழிந்துபோகும். தாங்கல் போன இடம் உள்ளே இறங்கிவிடும். அதுதான் குழி.

புள்ளிக்கும் குழிக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே வீட்டில் கண்டுபிடிக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு விரலால் கன்னத்தைத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் விரலுக்குத் தட்டுப்படாதது பெரும்பாலும் வெறும் நிறம்தான். வெயில் படாமல் பார்த்துக்கொண்டு, மருத்துவர் சொன்ன களிம்பைப் பூசிவந்தால் சில மாதங்களில் மங்கும். அதற்கு லேசர் தேவையில்லை. லேசர் வேண்டும் என்று கையில் பணத்தோடு வந்தவர்களை, இந்தச் சோதனையைச் செய்துகாட்டிச் சன்ஸ்கிரீன் மட்டும் எழுதிக்கொடுத்துப் பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

குழியிலும் வகை உண்டு. குண்டூசியால் குத்தியது போல வாய் குறுகி ஆழமாக இறங்குவது ஒன்று. அம்மைத் தழும்பு போல விளிம்பு செங்குத்தாக இருப்பது இன்னொன்று. மூன்றாவது வகைக்கு இலவம்பஞ்சு மெத்தையை நினைத்துக்கொள்ளுங்கள். மெத்தையில் இடையிடையே தையல் போட்ட இடம் உள்ளே இழுத்துக்கொண்டு, சுற்றிலும் மேடாக இருக்குமல்லவா? அதுபோல அடியில் உள்ள நார்கள் தோலைக் கீழே பிடித்து இழுத்து, கன்னத்தை அலை அலையாக ஆக்கிவிடும். தையலை அறுக்காமல் மெத்தையின் மேலே எவ்வளவு தட்டினாலும் பள்ளம் எழாது. அதற்கு ஊசியால் அடிநாரை அறுத்துவிடும் சப்சிஷன் என்ற சிகிச்சை இருக்கிறது. குண்டூசிக் குழிக்கு அதன் வாய்க்குள் மட்டும் செறிவான அமிலத்தைத் துளி வைக்கும் முறை இருக்கிறது. ஒரே முகத்தில் மூன்று வகையும் இருக்கலாம். அதனால் லேசர் ஒன்றே போதும் என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாரா என்று யோசியுங்கள்.

இனி லேசருக்கு வருகிறேன். முதல் லேசர் ஒளி 1960இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் கையில் பிறந்தது. தழும்புக்கு இன்று அதிகம் பயன்படும் கார்பன் டை ஆக்சைடு லேசரைச் சில ஆண்டுகளிலேயே பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் இதை உடனே உறிஞ்சிக்கொள்ளும். தோலில் பெரும்பங்கு தண்ணீர்தானே? ஒளி பட்ட இடம் அந்த நொடியே ஆவியாகிவிடும். நம் தொழிற்பேட்டையில், அதாவது எஸ்டேட்டில், வேலை பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். தகடு வெட்டும் லேசரைப் பார்த்திருப்பீர்கள். இதே வகை லேசர், கிலோவாட் கணக்கில் சக்தி கொடுத்தால் இரும்புத் தகட்டை வெட்டும். நாங்கள் சில பத்து வாட்டுகளோடு, கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் விடுகிறோம்.

தொடக்கத்தில் முகத்தின் மேல்தோல் முழுவதையும் ஒரே சீராக உரித்தெடுப்பார்கள். புண் ஆற வாரக்கணக்காகும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் திட்டுத்திட்டாகக் கறுக்கும் ஆபத்தும் பெரிது. 2004இல் ஹார்வர்டைச் சேர்ந்த மான்ஸ்டைன், ஆண்டர்சன் முதலியோர் ஒளியைப் பிரித்துச் செலுத்தும் வழியை வெளியிட்டார்கள். இதை ஃபிராக்ஷனல் முறை என்கிறோம். இடியாப்பக் குழலில் மாவு நூல் நூலாக இறங்குவது போல, ஒளி மெல்லிய தூண்களாகத் தோலுக்குள் இறங்கும். ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவே நல்ல தோல் அப்படியே இருக்கும். அந்த நல்ல தோல்தான் பக்கத்தில் உள்ள புண்ணை விரைவாக ஆற்றும். ஆறும்போது புதிய கொலாஜன் உருவாகும். குழியின் அடி மெதுவாக மேலே எழும். லேசர் குழியை நிரப்புவதில்லை. நிரப்பும் வேலையை உங்கள் உடம்பு செய்கிறது, லேசர் அதை எழுப்பிவிடுகிறது. அதனால்தான் பலன் தெரிய மாதங்கள் ஆகின்றன.

வலிக்குமா என்ற கேள்விக்கு, அனுபவித்தவர்கள் சொன்னதையே சொல்கிறேன். யாருடைய அடையாளமும் தெரியக் கூடாது என்பதால் சிலருடைய அனுபவங்களை ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறேன். முதலில் மரத்துப்போகும் களிம்பைப் பூசி ஏறக்குறைய ஒரு மணி நேரம் உட்கார வைப்போம். கண்ணுக்கு மூடி போடுவோம். ஒவ்வொரு முறை ஒளி விழும்போதும் ரப்பர் பேண்டை இழுத்து விட்டது போலச் சுரீர் என்று இருக்கும். முடி பொசுங்கும் வாடை வரும். அந்த வாடைக்குத்தான் பலர் பயந்துபோகிறார்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயம் பாதியாகிறது. முடிந்த பிறகு சில மணி நேரம் எரியும். "மிளகா அரைச்ச கையால மூஞ்சியத் தொட்டுட்டா எரியுமே, அந்த மாதிரி டாக்டர்" என்றார் ஒரு தங்கை. மறுநாள் கண்ணுக்கடியில் வீங்கும். மூன்றாம் நாள் முகத்தைத் தொட்டால் ரவையை ஒட்டிவைத்தது போலச் சொரசொரப்பாக இருக்கும். சின்னச் சின்னப் பக்கு. ஏறக்குறைய ஒரு வாரத்தில் அது தானாக உதிரும். அதைப் பிய்த்தெடுத்தால் புதுத் தழும்பை நாமே போட்டுக்கொள்கிறோம்.

அடுத்து, முகம் கறுத்துவிடுமா என்ற கேள்வி. இதற்குப் பதில் சொல்லும்போது என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிது. ஆவடிப் பக்கமிருந்து ஒரு பெண் தன் அம்மாவோடு வந்தார். மூன்று வாரத்தில் கல்யாணம். "பத்திரிகை அடிச்சாச்சு டாக்டர், எப்படியாவது பண்ணிக் குடுங்க" என்று அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். மறுத்திருக்க வேண்டும். நான் மறுக்கவில்லை. பக்கு ஒழுங்காகத்தான் உதிர்ந்தது. ஆனால் இரண்டாவது வாரத்தில் கன்னம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள் கோலம் போட்டது போல வரிசையாகக் கிளம்பின. அந்த நிறத்தோடுதான் அவர் மணமேடையில் உட்கார்ந்தார். சில மாதங்களில் எல்லாம் மறைந்துவிட்டது. குழிகளும் கொஞ்சம் மேலே வந்திருந்தன. ஆனால் கல்யாண ஆல்பத்தை அவர் யாருக்கும் காட்டுவதில்லை என்று அவருடைய அம்மா பின்னால் சொன்னார். அந்த ஆல்பத்துக்கு நான் பொறுப்பு.

ஏன் கறுத்தது? தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின், காயம் பட்ட இடத்தில் கூடுதலாகச் சுரக்கும். தோல் எவ்வளவு கருமையோ அவ்வளவு அதிகமாகச் சுரக்கும். வெயிலில் தோல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து, ஹார்வர்டைச் சேர்ந்த ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் ஒரு வகைப்பாடு செய்தார். முதலில் அது வெள்ளைத் தோலுக்காகவே செய்யப்பட்டது. நம் நிறங்கள் பின்னால்தான் சேர்க்கப்பட்டன. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் நான்காம், ஐந்தாம் வகை. இணையத்தில் நீங்கள் பார்க்கும் 'முன்–பின்' படங்களில் பல, முதல் இரண்டு வகைத் தோல். அவர்களுக்கு வைக்கிற அளவை நமக்கு வைக்கக் கூடாது. நமக்குச் சக்தியையும் ஒளித் தூண்களின் நெருக்கத்தையும் குறைத்து, தடவைகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டி, பல தடவையாகச் செய்ய வேண்டும். சந்தேகம் இருந்தால் காதோரம் சிறிய இடத்தில் முதலில் செய்து பார்த்துச் சில வாரம் காத்திருக்க வேண்டும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சன்ஸ்கிரீனை விடக் கூடாது. சி.டி.எச். சாலையில் தினமும் பைக்கில் போய்வருகிற தம்பி, ஹெல்மெட் கண்ணாடி வெயிலைத் தடுத்துவிடும் என்று நம்பக் கூடாது. கல்யாணமோ நேர்காணலோ இருந்தால், அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள். கடைசி மாதத்தில் முகத்தைத் தொடாதீர்கள்.

முழுக்கப் போகுமா? போகாது. நன்றாகச் செய்தால் குழியின் ஆழம் குறையும், விளிம்பு மழுங்கும், நிழல் மெலியும். பெரும்பாலோருக்கு ஒரு தடவை போதாது. மூன்று, நான்கு, ஐந்து என்று போகும். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மாதமோ அதற்கு மேலோ இடைவெளி வேண்டும். பூந்தமல்லியிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவர் கடைசித் தடவை முடிந்து ஆறு மாதம் கழித்து வந்தார். படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "முன்னெல்லாம் சலூன்ல முடி வெட்டும்போது கண்ண மூடிக்குவேன் டாக்டர். போன வாரம் கண்ணத் தொறந்தே உக்காந்திருந்தேன்" என்றார். தழும்பு அவருக்கு இன்னும் இருக்கிறது. தொட்டால் விரலுக்குத் தெரியும். ஆனால் சலூன் கண்ணாடிக்கு முன்னால் கண் திறந்து உட்காரும் அளவுக்கு அது இளைத்துவிட்டது. லேசரிடம் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது இதைத்தான். 'நூற்றுக்கு நூறு மறைந்துவிடும்' என்று உறுதி கொடுக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அங்கே யார் கருவியைப் பிடிக்கப்போகிறார்கள், அவர் தோல் மருத்துவம் படித்தவரா, மருத்துவக் கவுன்சிலில் அவருடைய பதிவு எண் என்ன என்று கேட்கத் தயங்காதீர்கள். உங்கள் பக்கத்திலிருந்தும் எதையும் மறைக்காதீர்கள். காயம் பட்டால் தடித்துப் புடைக்கும் உடம்பா, உதட்டில் அக்கி போலக் கொப்புளம் வருமா, பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

இப்போது செலவு. ஒவ்வொரு தடவையும் சில ஆயிரங்கள். நான்கைந்து தடவை என்று கணக்குப் போட்டால் இந்த வட்டாரத்தில் பலருக்கு அது ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிவிடும். அழகுக்கான சிகிச்சை என்று கருதப்படுவதால் காப்பீட்டில் பொதுவாக வராது. இந்தக் கணக்கைச் சொல்லும்போதுதான் என் ஐந்தாவது கேள்வி வந்து நிற்கிறது.

எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற ஒரு தம்பி கடன் வாங்கிக்கொண்டு லேசருக்கு வந்தார். கன்னத்திலும் தாடையிலும் குழி. பக்கத்திலேயே புதிதாகச் சிவந்த கட்டிகள். கேட்டபோதுதான் தெரிந்தது: நாள் முழுக்கக் கட்டிங் ஆயில் தெறிக்கிறது, அதே எண்ணெய் ஊறிய வேஸ்ட் துணியால் முகத்தையும் துடைத்துக்கொள்கிறார். எந்திர எண்ணெய் துளைகளை அடைத்துப் பரு போன்ற கட்டிகளைக் கிளப்பும் என்பது தொழில்சார் மருத்துவத்தில் நீண்ட காலமாகத் தெரிந்த செய்தி. அவருக்கு ஐந்து வருடமாகப் பரு இருந்திருக்கிறது. ஐந்து வருடமும் "வயசுப் பரு, கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். நான் லேசரை ஒத்திவைத்தேன். முகம் துடைக்கத் தனித் துணி, இடைவேளையில் முகம் கழுவுவது, எண்ணெய் ஊறிய சட்டையை உடனே மாற்றுவது, கூடவே பருவுக்கான மருந்து. புதுக் கட்டி வருவது நின்ற பிறகே லேசரைத் தொட்டோம். எரிகிற வீட்டுக்கு யாரும் வெள்ளையடிப்பதில்லை. பரு இன்னும் குழி பறித்துக்கொண்டிருக்கும் முகத்தில் லேசர் வைப்பதும் அப்படித்தான்.

இப்படித் தாமதிக்கிற வழிகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்து முகத்தைப் புண்ணாக்கிக்கொள்கிறோம். பற்பசை வைக்கிறோம். நெற்றியில் வழியும் அளவுக்குத் தலையில் எண்ணெய் வைத்துவிட்டு, நெற்றியில் ஏன் பொரிப்பொரியாக வருகிறது என்று கேட்கிறோம். பரு வந்தால் யாரோ காதலிக்கிறார்கள் என்று பிள்ளையைக் கேலி செய்கிறோம். அந்தப் பிள்ளை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நகத்தால் கிள்ளுகிறது. இதையெல்லாம்விட மோசமானது மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டியூப். ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசினால் பத்தே நாளில் முகம் வெளுத்துப் பளபளக்கும். விட்டால் பரு இரட்டிப்பாகக் கிளம்பும், தோல் மெலிந்து சிவந்துபோகும். நாட்டின் 12 மையங்களில் நடத்தி 2011இல் வெளியான ஓர் ஆய்வில், முகத்தோல் தொல்லையோடு வந்த 2926 பேரில் 433 பேர் இந்தக் களிம்பைப் பூசிக்கொண்டிருந்தார்கள். தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் குரல் கொடுத்த பிறகு, 2018இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது. கேட்டு வாங்கும் பழக்கத்தை நாம்தான் விட வேண்டும்.

பருவுக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்ற களிம்புகள் விலை அதிகமில்லை. ஆனால் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். பத்து நாளில் கைவிட்டுவிட்டு 'எதுவும் கேக்கல' என்று சொல்லாதீர்கள். ஆழமான கட்டிகளுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை இருக்கிறது. அது வயிற்றில் வளரும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால் மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டும். சாப்பிடும் காலத்திலும், நிறுத்திய பின் குறைந்தது ஒரு மாதம் வரையிலும் பெண்கள் கருத்தரிக்கக் கூடாது. மாதவிலக்கு முறை தவறி, முகத்தில் முடியும் பருவும் சேர்ந்து வந்தால் ஹார்மோன் சோதனை தேவைப்படும். பணம் ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை. ஆவடியிலோ அம்பத்தூரிலோ மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல், எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே போனால் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இரண்டிலும் தோல் பிரிவு இருக்கிறது.

என் அறையில் லேசர் கருவி இருக்கிறது. அதை வைத்து நான் பிழைக்கிறேன். ஆனாலும் சொல்கிறேன்: அந்தக் கருவிக்குக் கீழே படுத்தவர்களில் பலர், ஐந்தாறு வருடம் முன்னால் வந்திருந்தால் சில டியூப் களிம்போடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். தழும்போடு இருப்பவர்களே, நீங்கள் தாமதித்துவிட்டதாக வருந்த வேண்டாம். பொறுமையும் நல்ல மருத்துவரும் இருந்தால் அந்த நிழல் நிச்சயம் மெலியும்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை இருக்கிறதா? இன்று இரவு சாப்பிட உட்காரும்போது அதன் முகத்தை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். அழுத்தினால் வலிக்கும் கட்டி ஒன்று இருந்தாலும், கேலி பேசாமல், தானாகப் போய்விடும் என்று சொல்லாமல், இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.